வண்டியின் அடிவயிறு

ஆயுத பூஜையன்று நமது ஊர்த் தெருக்களில் நிற்கும் மோட்டார் வண்டிகளைப் பார்ப்பதே ஓர் ஆனந்தம். முதல் நாளே குளிப்பாட்டித் துடைத்து, மெழுகு தேய்த்து, முகப்பில் சந்தனமும் குங்குமமும் இட்டு, வாழைக்கன்றும் சாமந்தி மாலையும் கட்டி நிறுத்தியிருப்பார்கள். கதவில் முகம் பார்த்துத் தலை வாரிக் கொள்ளலாம், அவ்வளவு பளபளப்பு! ஆனால் இத்தனை உபசாரத்திலும் வண்டியின் கீழ்ப்பக்கத்துக்கு வந்து சேருவது சக்கரத்தடியில் வைக்கும் எலுமிச்சம்பழம் ஒன்றுதான். அதுவும் நசுங்கிச் சாறு தெறிப்பதோடு சரி. எலுமிச்சையின் புளிப்பு இரும்புக்கு ஆகாது என்பது வேறு விஷயம்.

நாம் பூஜையைக் குறை சொல்ல வரவில்லை. மனிதனுக்கு உழைக்கும் கருவிக்கு வருஷத்தில் ஒரு நாளாவது மரியாதை செய்ய வேண்டும் என்று நினைத்த முன்னோர்களின் பெருந்தன்மையை எவ்வளவு போற்றினாலும் தகும். நாம் கேட்பது ஒன்றுதான். வண்டி வாங்கிய நாள் முதல் இன்று வரை, அதன் கீழே குனிந்து பார்த்த சொந்தக்காரர்கள் நம்மில் எத்தனை பேர்? கூடத்துச் சுவருக்கு வருஷா வருஷம் வர்ணம் அடிக்கிறோம். கொல்லைப்புறத்து உத்தரத்தைக் கறையான் தின்பதை அது விழுகிற அன்றைக்குத்தான் அறிகிறோம். விருந்தாளியின் கண்ணில் படும் இடத்தைப் பேணுவதும் படாத இடத்தை மறப்பதும் நமது பொதுக் குணம். இந்தக் குணத்தை நம்பியே பிழைப்பு நடத்தும் பிராணிகள் இரண்டு உண்டு. ஒன்று கறையான், மற்றொன்று துரு.

துருப் பிடித்தால் என்ன, அழகுதானே கெடும், என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியானால் இதைப் பற்றி இத்தனை பக்கம் எழுதத் தேவையில்லை. விஷயம் அழகைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது.

லாரி, பஸ், ஜீப் முதலிய வண்டிகளுக்கு அடியில் ஏணியைப் போன்ற உருக்குச் சட்டம் ஒன்று இருக்கிறது. நீளவாட்டில் இரண்டு உத்தரங்கள். அவற்றைப் பிணைக்கக் குறுக்கே பல விட்டங்கள். இதைத்தான் சேஸிஸ் என்கிறோம். உடம்பில்லாத வெறும் சேஸிஸ், ஓட்டுநர் ஒருவரை மாத்திரம் சுமந்துகொண்டு, கரூருக்கோ நாமக்கல்லுக்கோ கூண்டு கட்டிக்கொள்ளப் போவதை நெடுஞ்சாலையில் பலர் பார்த்திருக்கலாம். எஞ்சின், அச்சு, ஸ்பிரிங், பெட்டி, பிரயாணிகள் எல்லாவற்றின் பாரமும் அந்த ஏணியின் மேல்தான்.

சிறு கார்களின் கதை வேறு. 1922-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து லான்சியா கம்பெனியார் லாம்டா என்னும் காரைக் காட்சிக்குக் கொண்டு வந்தார்கள். அதற்குத் தனியான ஏணிச் சட்டம் கிடையாது, உடம்பே எலும்பு. அந்த முறை மெள்ள மெள்ள உலகெங்கும் பரவிற்று. 2014 வரையில் உத்தர்பாராவில் தயாராகி வந்த நமது அம்பாஸடரும் உடம்பே எலும்பான ஜாதிதான். இத்தகைய வண்டியில் தரைத் தகடும், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் உள்ளீடற்ற பெட்டிகளும், சக்கரக் கூடுகளும் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. இருக்கை வாரை முடுக்கியிருப்பது அங்கே. சக்கரங்களைத் தாங்கும் கைகள் பொருந்துவது அங்கே. மற்றொரு வண்டி வந்து மோதினால், அந்த வேகத்தைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற வேண்டியதும் அதுவே. தகடு துருவேறி அப்பளமாகிவிட்டால், முடுக்கிய வாரும் பொருத்திய கையும் எதைப் பற்றி நிற்கும்?

இன்னொன்று பிரேக் குழாய். பல வண்டிகளில், முன்னாலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் மெல்லிய உருக்குக் குழாய் தரைத் தகட்டுக்கு அடியில் செல்கிறது. துரு அதையும் அரிக்கும். பிரேக்கை எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ அவ்வளவு அழுத்தம் குழாயில் உண்டாகும். ஆகையால், அரித்த குழாய் வெடிக்கக்கூடிய சமயமும் நமக்குப் பிரேக் மிகவும் வேண்டிய சமயமும் ஒன்றேயாகும். இதைக் காட்டிலும் பொல்லாத பொருத்தம் ஜாதகத்திலும் கிடையாது.

இனி, துரு என்பது என்னவென்று சற்றுப் பார்ப்போம். சத்துருவின் குணம் தெரியாமல் சண்டைக்குப் போகக் கூடாதல்லவா?

இரும்பு, ஜலம், காற்றிலுள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் ஒன்று சேர்ந்தால் துரு உண்டாகும். மூன்றில் ஒன்றைத் தடுத்தாலும் துரு இல்லை. வெளிப் பார்வைக்கு இது மெதுவான வேலையாகத் தோன்றினாலும், உண்மையில் அங்கே ஒரு சிறு மின்சார பாட்டரியே வேலை செய்கிறது. ஈரம் படிந்த இரும்புத் தகட்டில் ஓரிடத்தில் இரும்பு கரைகிறது. பக்கத்தில் இன்னோரிடத்தில் பிராணவாயு அதற்கு ஈடு கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தகட்டின் வழியாக மின்சாரம் ஓடுகிறது. ஜலத்தில் உப்புக் கலந்துவிட்டால் மின்சாரம் இன்னும் சுலபமாக ஓடும், வேலை துரிதமாகும். போதாக்குறைக்கு, உப்பிலுள்ள குளோரின் சத்து இரும்பின் மேல் இயற்கையாகப் படியும் மெல்லிய காப்பையும் துளைத்துவிடும்.

அலுமினியத்தின் மேலும் காற்றுப் பட்டால் ஒரு படலம் உண்டாகிறது. ஆனால் அது இறுகிப் படிந்து, கீழேயுள்ள உலோகத்துக்குக் கவசமாகிறது. இரும்பின் துருவோ பஞ்சு போன்றது. இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு பொருமுகிறது. மேலேயுள்ள வர்ணத்தைத் தூக்கி எறிகிறது. ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மேலும் உள்ளே அரிக்கிறது. இரும்பின் மேல் ஒரு கடுகளவு கொப்புளம் கண்டால், கீழே ஒரு நாலணா அகலம் வேலை நடந்திருக்கும் என்று சந்தேகப்படுவதே புத்திசாலித்தனம்.

"நம் ஊரில் பனியா கொட்டுகிறது? சாலையில் உப்புப் போடுகிறார்களா? நமக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கலாம். குளிர் தேசங்களில் பனிக் கட்டியைக் கரைக்கச் சாலையில் உப்புக் கொட்டுகிறார்கள் என்பதும், அதனால் அந்நாட்டு வண்டிகள் சீக்கிரம் அழிகின்றன என்பதும் வாஸ்தவம். ஆனால் உப்பு வருவதற்குச் சாலை ஒன்றுதானா வழி?

இந்தக் கேள்விக்கு விடை ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள். யாரும் ஜலம் ஊற்றாமலே உப்பு நீர் விட்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவிகிதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே ஜலத்தை உறிஞ்சிக் கரைந்துவிடும். சுத்தி செய்யாத கடலுப்பில் மக்னீசியம் கலந்திருப்பதால், அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். கடற்கரைக் காற்று கொண்டு வந்து வண்டியின் அடியில் படியச் செய்வது அந்தக் கடலுப்பைத்தான். ஆக, சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இரவில் நிறுத்தியிருக்கும் வண்டி, ஒரு சொட்டு மழையில்லாத நாளிலும் கீழே உப்பு ஜலத்தில் நனைந்துகொண்டிருக்கக் கூடும். காலையில் வெயில் ஏறியதும் காயும்; இரவில் மறுபடியும் கசியும். மேல் பக்கத்தை மழை கழுவுகிறது, நாமும் கழுவுகிறோம். கீழ்ப்பக்கத்து உப்பைக் கழுவ மழையும் வராது, நாமும் போவதில்லை.

தூத்துக்குடி உப்பளத்திலிருந்து மூட்டை ஏற்றும் லாரிகளையும், ராமேசுவரத்திலிருந்து பனிக்கட்டி போட்டு மீன் கொண்டுவரும் வான்களையும் நினைத்துப் பாருங்கள். ஒன்றின் பலகை இடுக்கில் உப்பே உதிர்ந்து கிடக்கும்; மற்றொன்றின் தரையிலிருந்து உப்பு ஜலம் வழியெல்லாம் சொட்டும். நமது சாப்பாட்டுக்கு ருசி கொண்டுவரும் அந்த வண்டிகளின் அடிவயிற்றைத் துரு எவ்வளவு சீக்கிரம் தின்னும் என்று கேட்கவே வேண்டியதில்லை. அவற்றை ஓட்டுகிறவர்களும் மனைவி மக்கள் உள்ளவர்கள்தாம்.

நமது கடற்கரைக் காற்றின் பலத்துக்குப் பாம்பன் பாலமே சாட்சி. 1914-ஆம் ஆண்டில் திறந்த பழைய ரயில் பாலத்தை ஓயாமல் சுரண்டி, வர்ணம் பூசி, அரித்த பாகங்களை மாற்றிக் காப்பாற்றி வந்தார்கள். அப்படியும் 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் போவதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தபோது, அதற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் கடற்காற்றைத் தாங்கும் விசேஷப் பூச்சும் உபயோகித்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான டன் பாலத்துக்கே இந்தக் கதியென்றால், காகிதம் போன்ற கார்த் தகடு எம்மாத்திரம்?

துருவின் தொல்லையை நமது தேசத்துப் பெரியவர்கள் அன்றே உணராமல் இல்லை. சுதந்திரம் வந்து ஒரு வருஷம் ஆகுமுன்பே, 1948 ஜூலை 25-ஆம் தேதி, காரைக்குடியில் மின்ரசாயன ஆராய்ச்சி நிலையத்துக்கு ஜவாஹர்லால் நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். அதற்காக வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். உலோகங்கள் ஏன் அரிக்கின்றன, எப்படித் தடுப்பது என்பது அந்நிலையத்தின் முக்கிய ஆராய்ச்சிகளில் ஒன்று. மண்டபத்தில் கடற்கரை ஓரமாகவே அதற்கு ஒரு கிளை ஏற்படுத்தி, உலோகங்களைக் கடற்காற்றிலும் கடல் ஜலத்திலும் வைத்துச் சோதித்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதை நமது வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கும் பயன்படுத்த வேண்டாமா?

இங்கே அபிமானமுள்ள நேயர் ஒருவர் குறுக்கிடுவார். "டில்லியில் 1,600 வருஷமாகத் துருப்பிடிக்காத இரும்புத் தூணை நிறுத்திய தேசம் அல்லவா இது? நமக்கா துருவைப் பற்றிப் பாடம்?" என்பார். தூணைப் பற்றி நாமும் பெருமைப்படுகிறோம். ஏறக்குறைய 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேல் எடையுமுள்ள அந்தத் தூணின் ரகசியத்தைக் கான்பூர் ஐ.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் வெகு காலம் ஆராய்ந்தார். நமது பழைய கொல்லர்கள் உருக்கிய இரும்பில் பாஸ்பரஸ் சத்து அதிகம். அது வெயிலிலும் மழையிலும் நனைந்து உலர்ந்து, இரும்பின் மேல் ஒரு மெல்லிய கவசமாகப் படிந்துவிட்டது என்று விளக்கினார். டில்லியில் கடற்காற்று இல்லாததும் ஒரு சௌகரியம். ஆனால் பலர் அறியாத சங்கதி ஒன்றுண்டு. தொல்பொருள் இலாகாவினர் 1961-இல் தூணைச் சுற்றித் தோண்டிப் பார்த்தபோது, பூமிக்குள் புதைந்திருந்த பாகத்தில் துரு ஏறியிருந்தது! வெளியில் நனைந்து நனைந்து உலரும் பாகம் பிழைத்தது. மண் ஒட்டி ஈரம் மாறாமல் கிடந்த அடிப்பாகம் துருவேறியது. டில்லித் தூண் நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுதான்.

வண்டியின் அடியிலும் நடப்பது அதுவே. சக்கரக் கூட்டின் மடிப்பிலும், விட்டங்களின் மேற்புறத்திலும் சேறு அப்பிக்கொள்கிறது. வெளியே காய்ந்த மாதிரி தோன்றினாலும் உள்ளே ஈரம் நாள்கணக்கில் நிற்கும். மருத்துவர் நெற்றியில் பற்றுப் போட்டதுபோல், துரு தன் இஷ்டத்துக்குப் பற்றுப் போட்டுக் கொள்கிறது.

வண்டி செய்கிறவர்கள் இதையெல்லாம் அறியாதவர்கள் அல்ல. இந்நாளில் கார் உடம்பைப் பாஸ்பேட் திராவகத்தில் முக்கி, அடுத்தபடி வர்ணத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சி, மூலை முடுக்கெல்லாம் அடி வர்ணம் படியும்படி செய்கிறார்கள். பல தகடுகளுக்குத் துத்தநாகமும் பூசுகிறார்கள். நாம் ஜி.ஐ. வாளி என்கிறோமே, அதே வித்தைதான். 1837-இல் பிரெஞ்சுக்காரரான சோரெல் என்பவர் இதற்கு உரிமை பெற்றார். துத்தநாகத்தின் விசேஷம் என்னவென்றால், பூச்சில் கீறல் விழுந்தாலும் அது இரும்புக்கு முன்னால் தன்னை அழித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும். மூத்த பிள்ளை தன் படிப்பை நிறுத்திவிட்டுத் தம்பியைப் படிக்க வைப்பதில்லையா? அதைப் போன்ற தியாகம். ஆனால் தியாகத்துக்கும் எல்லையுண்டு. பூச்சு முழுவதும் கரைந்தால் அடுத்த முறை இரும்பினுடையது. ஜல்லிக் கற்கள் தெறித்து விழுவது, வேகத் தடையில் அடி தட்டுவது, ஜாக்கி வைத்து அழுத்துவது, பழுது பார்க்கையில் பற்ற வைப்பது ஆகிய எல்லாம் தொழிற்சாலைப் பூச்சைக் குலைத்துவிடும்.

பெரிய கம்பெனிகளே ஏமாந்ததுண்டு. அமெரிக்காவில் 1995 முதல் 2000 வரை விற்ற டொயோட்டா டகோமா என்னும் வண்டிகளின் சட்டங்கள் துளைபடும் அளவுக்குத் துருவேறின. 2008-இல் அந்தக் கம்பெனியார் துருவுக்கான உத்தரவாதத்தை 15 வருஷமாக நீட்டித்து, மிக மோசமானவற்றைத் தாங்களே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். பிற்காலத்து வண்டிகளையும் பற்றி வழக்கு எழுந்து, 2016-இல் சுமார் 15 லட்சம் வண்டிகள் சம்பந்தமாக, 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய ஓர் உடன்பாட்டுக்கு, தங்கள் பேரில் தவறில்லையென்று சொல்லிக்கொண்டே, இசைந்தார்கள். அங்கே சாலையில் கொட்டும் உப்பு. இங்கே காற்றில் வரும் உப்பு. உப்புக்கு ஜாதி பேதம் கிடையாது.

இதற்கெல்லாம் பரிகாரம் என்ன? பட்டறைக்குப் போனால் உடனே விடை கிடைக்கும்: "ஸார், கீழே கறுப்பு அடிச்சு விட்டுடட்டுமா?" கறுப்புப் பூச்சில் பிசகு ஒன்றுமில்லை. எப்போது அடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தார் அல்லது ரப்பர் கலந்த கெட்டிப் பூச்சு கல்லடியை நன்றாகத் தாங்கும். ஆனால் அழுக்கின் மேலோ, ஈரத்தின் மேலோ, துருவின் மேலோ அடித்தால், அது பிடித்து நிற்காது. வருஷம் ஆக ஆக இறுகி வெடிக்கும். வெடிப்பின் வழியே ஜலம் உள்ளே போகும். போன ஜலம் வெளியே வர வழியிராது. வெளிப் பார்வைக்குக் கறுப்பு அழகாகவே இருக்கும். உள்ளே தகடு பொடியாகிக்கொண்டிருக்கும். புண்ணைக் கழுவாமல் கட்டுப் போட்டால் சீழ் பிடிப்பது போலத்தான்.

ஆகவே பூச்சு கடைசி வேலை. முதல் வேலை பார்ப்பது. வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லியோ, பட்டறைக் குழியின் மேல் நிறுத்தியோ, டார்ச் விளக்குடன் கீழே நின்று பாருங்கள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் வண்டியின் கீழே படுக்கக் கூடாது. துருவைப் பார்க்கப் போய் உயிரை விடுவது விவேகமல்ல. கதவடிப் பெட்டிகள், சக்கரக் கூட்டின் மடிப்புகள், ஸ்பிரிங்குகள் பொருந்தும் இடங்கள், பிரேக் குழாயும் அதைப் பிடித்திருக்கும் கொக்கிகளும், ஜாக்கி வைக்கும் முனைகள் ஆகிய இவற்றை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். மேலாகப் படிந்த செந்தூள் வேறு. திருப்புளியின் பிடியால் தட்டினால் தகடு மந்தமாகச் சத்தமிடுவதும் செதில் செதிலாக உதிர்வதும் வேறு. முன்னதைச் சுரண்டிப் பூசலாம். பின்னதைப் பூசவே கூடாது; அரித்த பாகத்தை வெட்டி, புதுத் தகடு வைத்துப் பற்ற வைப்பதுதான் வழி. பாரம் தாங்கும் பாகத்தில் ஓட்டை விழுந்திருக்க, அதைப் பட்டி வைத்து மூடுகிறவர் தச்சரானாலும் டிங்கரானாலும் நமக்கு நண்பர் அல்ல.

இரண்டாவது வேலை கழுவுவது. வாட்டர் சர்வீஸ் செய்யும்போது மேல் பக்கத்துக்குப் போடும் நுரையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கீழ்ப்பக்கத்துக்கு நல்ல தண்ணீர் நிறைய அடிக்கச் சொல்லுங்கள். கடற்கரையோரம் பல ஊர்களில் கிணற்று ஜலமே உப்பு. உப்பைக் கழுவ உப்பு ஜலத்தை அடிப்பதால் லாபமில்லை. கடற்கரை மணலில் இறங்கிய வண்டியையும், வெள்ளத்தில் போய் வந்த வண்டியையும் அன்றைக்கோ மறு நாளோ கழுவி விட வேண்டும். கதவுகளின் அடியிலும் பெட்டிகளின் அடியிலும் ஜலம் வடியச் சிறு துவாரங்கள் வைத்திருப்பார்கள். அவற்றில் மண்ணும் இலையும் அடைத்துக்கொண்டால் பெட்டி தொட்டியாகிவிடும். மெல்லிய குச்சியால் குத்தி எடுப்பது சிறு பிள்ளைகள் செய்யக்கூடிய வேலை. மிச்சப்படுவது பெரியவர்களின் பணம்.

மூன்றாவது உலர்த்துவது. ஈர வண்டியைக் காற்றோட்டமில்லாத கொட்டகையில் பூட்டி வைப்பதையும், நனைந்த உடம்பின் மேல் பிளாஸ்டிக் போர்வையை இழுத்து மூடுவதையும் பத்திரம் என்று நினைக்கிறோம். துருவுக்கு அதைவிடச் சுகமான படுக்கை கிடையாது. வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடந்தான் அதற்கு உகந்தது. சிறிது தூரம் ஓட்டிக் காற்றாட விட்டு, பிறகு நிறுத்துவதே நல்லது.

இந்த மூன்றும் ஆன பின்புதான் பூச்சு. சிறு துருவை வயர் பிரஷ்ஷினாலும் உப்புத்தாளினாலும் சுரண்ட வேண்டும். (பெயர்தான் உப்புத்தாள், பயம் வேண்டியதில்லை.) எஞ்சிய துருவைக் கறுப்பாக மாற்றி அடங்கச் செய்யும் திராவகங்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றில் சில துவர்ப்புச் சத்தினால் வேலை செய்கின்றன. கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து நம் முன்னோர்கள் மை செய்தார்களே, அந்தக் கறுப்பும் இந்தக் கறுப்பும் ஒரே இனந்தான். அதன் மேல் பிரைமர் அடித்து, உலர்ந்த பிறகு மேல் பூச்சுக் கொடுக்கலாம். கல் தெறிக்கும் சக்கரக் கூடுகளுக்குக் கெட்டிப் பூச்சு உத்தமம். கதவடிப் பெட்டி முதலிய உள்ளீடற்ற பாகங்களுக்குள் நீண்ட குழல் விட்டுத் தெளிக்கும் மெழுகுப் பூச்சு உத்தமம். அது இடுக்குகளில் ஊறிப் படியும், வெடிக்காது. எண்ணெய் ஜாதிப் பூச்சுகளும் நல்லவையே. ஆனால் அவற்றை வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தாக வேண்டும்.

எஞ்சினிலிருந்து வடித்த பழைய எண்ணெயை ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் அடிக்கும் வழக்கம் பல ஊர்களில் இருந்து வருகிறது. செலவில்லாத மருந்து என்பதைத் தவிர அதற்கு வேறு சிலாக்கியம் இல்லை. அந்த எண்ணெயில் எரிந்த கசடும் புளிப்புச் சத்தும் இருக்கும். ரப்பர் பாகங்களை ஊதச் செய்யும். சொட்டுச் சொட்டாக நம் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கும். எந்தப் பூச்சானாலும் பிரேக் தட்டு, சைலன்ஸர், புகையைச் சுத்தி செய்யும் பெட்டி, சுழலும் தண்டு, ரப்பர் புஷ், ஜலம் வடியும் துவாரம் ஆகியவற்றின் மேல் படக் கூடாது. அடிப்பதற்கு முன் இவற்றை மூடினார்களா, பின்பு துவாரங்களைத் திறந்தார்களா என்று நின்று பார்த்துக் கேட்பது நமது உரிமை.

சிறு மின்சாரப் பெட்டி ஒன்றை மாட்டினால் வண்டிக்குத் துருவே வராது என்று விளம்பரம் செய்வாரும் உண்டு. கப்பலுக்கும் பூமிக்குள் போகும் குழாய்க்கும் இவ்வித்தை பலிப்பது உண்மையே. 1824-இலேயே ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில ரசாயன சாஸ்திரி கப்பலின் செப்புத் தகட்டைக் காக்க இதைக் கையாண்டார். கப்பல் எப்போதும் ஜலத்தில் மூழ்கியிருக்கிறது. ஆகையால் மின்சாரம் சுற்றி வர வழியுண்டு. சாலையில் போகும் வண்டியைச் சுற்றியிருப்பது காற்று. காரையும் கடலில் மிதக்க விடுவதானால் அந்தப் பெட்டியை வாங்கலாம்.

கடைசியாக, பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வந்த வெள்ளங்களில் எத்தனையோ வண்டிகள் மூழ்கிக் கிடந்ததைப் படங்களில் பார்த்தோம். அத்தகைய வண்டி துடைத்து வர்ணம் பூசி, வெள்ளம் பாராத ஊர்களுக்கு விலைக்குப் போகக் கூடும். விரிப்பைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். இருக்கைகளின் முடுக்காணிகளைப் பாருங்கள். உதிரிச் சக்கரம் வைக்கும் குழியில் விரலை விட்டுத் தடவுங்கள். வண்டி பழையதாயிருக்க, அடிவயிறு மட்டும் புதுக் கறுப்பில் மின்னினால், சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

விற்கிறவர்களுக்கும் ஒரு தர்மம் இருக்கிறது. வண்டி ஒரே கையில் சாவதில்லை. முதல் சொந்தக்காரர் கவனியாமல் விட்ட துருவை இரண்டாமவர் கறுப்புப் பூசி மறைக்கிறார். மூன்றாமவர் கடன் வாங்கி அதை வாங்கி, காலையில் பள்ளிக்கூடத்துக் குழந்தைகளை ஏற்றிச் செல்கிறார். அவருக்கும் தெரியாது, குழந்தைகளைக் கையசைத்து அனுப்பும் தாய்மார்களுக்கும் தெரியாது. முதலிலேயே குனிந்து பார்த்திருந்தால், சில நூறு ரூபாயிலும் ஒரு பகல் வேலையிலும் தீர்ந்திருக்கும் காரியம் அது. மறைத்து விற்ற துருவுக்கு விலை கொடுப்பது எப்போதும் அதை அறியாதவர்கள்தாம்.

எனவே, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, தை பிறந்ததும் ஒரு முறை, வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கும் வழக்கத்தை நமது குடும்பங்கள் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். மழைக்கு முன் பூச்சைச் சரிபார்க்கவும், மழைக்குப் பின் சேற்றைக் கழுவி விடவும் அதுவே சரியான காலம். நம்மையும் நம் மக்களையும் தூக்கிச் சுமக்கும் சட்டத்துக்கு வருஷத்தில் இரண்டு முறை குனிவதால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடாது.